டிராகன் போட்ட வாளும் முருகேசன் அண்ணனின் தாயக்கட்டையும்

பத்ரி பொய் சொல்கிறான்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. ஸ்ரீரங்கத்துப் பத்ரி, இப்போது வீடியோ சேனல் வைத்துப் பழைய கம்ப்யூட்டர் கேம்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் பத்ரி, என்னைத் திருடி என்று சொல்லியிருக்கிறான். போன வாரம் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிக் கதையை முடித்தபோது, இந்த வாரம் என் கல்யாணக் கூத்தை எழுதுவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். கல்யாணம் எங்கேயும் ஓடிவிடாது. அது முடிந்துபோன விஷயம். இது முடியவில்லை.

ஆசிய ஆன்லைன் கேமுக்கும் மேற்கத்திய ஆன்லைன் கேமுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அவன் வீடியோ. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகத்துக்குள் போய், ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு ஆடுகிற கேம்கள். நல்ல விஷயம்தான். பேசத் தெரிந்தவன்தான். ஆனால் பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்கிறான்:

"வெஸ்டர்ன் கேம் ஆடி வளர்ந்தவாளுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியாது. எங்க கில்டுலயே ஒருத்தி இருந்தா, பாய்லர்னு பேரு. டிராகன் விழுந்த அடுத்த செகண்ட் வாளை எடுத்துண்டுட்டா. பட்டப்பகல் திருட்டு!"

அந்தப் பாய்லர் நான்தான்.

துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டிங்கைச் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. ஒரு ஜாயின்ட் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னால்தான் அந்தக் குழாய் லாரி ஏறும். என் வாய்ச்சொல்தான் என் பிழைப்பு. அந்த வீடியோ எங்கள் கேன்டீன் வரைக்கும் வந்துவிட்டது. "மேடம் வந்தா டம்ளரை எண்ணி வைக்கணும்போல" என்றார் கேன்டீன்காரர். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் வெல்டிங் ராடு பெட்டி ஒன்று இடம் மாறிக் கிடந்தது. நான்கு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். விளையாட்டாகத்தான். ஆனால் சிரிப்பு வரவில்லை.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

வாள் விழுந்தது

ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் ரோடு. மாடியில் முருகேசன் அண்ணனின் பிரவுசிங் சென்டர். கீழே பஜ்ஜிக் கடை. வாழைக்காய் பஜ்ஜியின் எண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக ஏறி கீபோர்டுக்குள் இறங்கியிருக்கும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் விரல் ஒரு நொடி ஒட்டிக்கொண்டுதான் விடும். தமிழ்நாடே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

மலை சைஸ் டிராகன் ஒன்றை அரை நாளாக அடித்துக்கொண்டிருந்தோம். மாடியில் இருந்த எல்லா சிஸ்டத்திலும் எங்கள் ஆட்கள்தான். வெளியூர்களில் இருந்தபடியே கேமுக்குள் வந்த கில்டு ஆட்களும் உண்டு. கில்டு என்றால் கேமுக்குள் சேர்ந்து ஆடுகிற கூட்டம். அதற்கு ஒரு தலைவர் உண்டு. எங்கள் தலைவர் பத்ரி.

டிராகன் ஒரு முறை எக்கியது. கழுத்தைத் தூக்கியது. தொபுக்கென்று விழுந்தது. அதன் வாயோரம், கல் தரையில், நீல வெளிச்சத்தோடு ஒரு வாள் விழுந்தது.

நான் ஓடிப்போய் எடுத்தேன்.

மாடியில் யாரும் மவுஸைக்கூட அசைக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் சலீம். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன், என்னை இந்தக் கில்டுக்குக் கூட்டி வந்தவன். கேமுக்குள் அவன் வைத்தியன். அடிபட்டவர்களுக்கு உயிர் ஊற்றுவது அவன் வேலை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"சித்ரா, என்ன பண்ணின?"

"எடுத்தேன்."

"எதுக்கு எடுத்த?"

"கீழ கெடந்துச்சு."

கோடியில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். பத்ரி எழுந்து நின்றான். "கீழே வை."

"வெச்சா வேற எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

"வைன்னேன்!"

இதற்கு மேல் போவதற்கு முன்னால், நான் ஏன் எடுத்தேன், அவன் ஏன் அலறினான் என்று சொல்லியாக வேண்டும். இரண்டு பேருமே வளர்ந்த விதம் அப்படி.

கைலாசபுரத்துப் பகடை

நான் திருச்சியில் பாய்லர் செய்யும் தொழிற்சாலையின் டவுன்ஷிப்பில் பிறந்தவள். கைலாசபுரத்தில் எங்கள் கூட்டம் ஆடியது மேற்கத்திய கேம். அதில் முதல் வேலை முகம் செய்வது. மூக்கு எவ்வளவு கோணல், பல் எத்தனை போயிருக்கிறது, எல்லாம் நம் இஷ்டம். நான் செய்தது ஒரு குள்ளச்சி. உடைந்த மூக்கு, கையில் என் உயரத்துக்கு ஒரு கோடாலி. பெயர் பாய்லர். எங்கள் ஊரில் அதைவிட பிரம்மாண்டமான பெயர் கிடையாது.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் மஞ்சள் குறியோடு ஒரு கிழவர் நிற்பார். "இந்த உலகத்தைக் காப்பாற்றப் பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்பார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு கும்பல், ரேஷன் கடை வரிசை மாதிரி. அத்தனை பேரிடமும் அந்தக் கிழவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேற்கத்திய கேமின் குணம் அது. நீதான் நாயகன் என்று ஒவ்வொருவர் காதிலும் ஊதிவிடும். தனியாகவே பாதி உலகத்தைச் சுற்றலாம். கூட்டமாகப் போய்ப் பெரிய மிருகத்தைக் கொன்றால், கிடைத்த பொருளுக்காக ஆளுக்கொரு முறை உருட்டக் கேமே பகடை கொடுக்கும். எவருக்கு அதிகம் விழுகிறதோ அவருக்குப் பொருள். நேற்று சேர்ந்தவனும் எடுக்கலாம்.

எங்கள் கூட்டத்துக்கு அந்தப் பகடை சொர்க்கம். காரணம் உண்டு. டவுன்ஷிப்பில் ஒவ்வொரு வீட்டிலும் சாயங்காலம் ஒரே பேச்சுதான். யாருக்குப் பிரமோஷன், யார் சீனியர், எந்த ஜூனியருக்கு எப்படிப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சாம்பாரோடு அதையும் பிசைந்து சாப்பிட்டு வளர்ந்தோம். அப்படிப்பட்டவர்களிடம் "சீனியாரிட்டி கிடையாது, உருட்டு" என்று ஒரு கேம் சொன்னால் எப்படி இருக்கும்! என் அப்பா ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இந்த முறையை எங்க ஆபீஸ்லயும் கொண்டு வந்தா தேவலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே பொருளை யார் கையில் எடுப்பது என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எடுத்துவிட்டு "உருட்டுங்கப்பா" என்போம். எடுப்பது வேறு, உடைமை வேறு.

ஸ்ரீரங்கத்து வரிசை

வேலை கிடைத்து அந்தக் கூட்டம் ஆளுக்கொரு ஊராகச் சிதறியது. அப்புறம்தான் சலீம் என்னை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்தான். இங்கே ஆடியது கிழக்கே இருந்து வந்த ஆசிய கேம்.

முதல் நாளே சண்டை. கோடாலிக்காரன் வேடம் ஆண்களுக்கு மட்டுமாம். பெண் வேண்டுமென்றால் வில்லுக்காரி, அல்லது வாளோடு சுழன்றாடும் தேவதை. கோணல் மூக்கு கிடையாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் அழகாகவே இருக்கும். இடுப்பு என் மணிக்கட்டு அளவு. குதிகால் செருப்போடு ஓநாய் வேட்டைக்குப் போக வேண்டும். பழிக்குப் பழியாக அந்தத் தேவதைக்கும் பாய்லர் என்றே பெயர் வைத்தேன். தலைக்குப் பின்னால் பூ பறக்க, பாய்லர் நடந்து வருவதைப் பார்த்து மாடியே சிரித்து உருண்டது.

இந்தக் கேமில் உலகத்தைக் காப்பாற்றும் பேச்சே இல்லை. நீ யாரும் இல்லை, போய் ஓநாய் அடி என்கிறது. அடித்து முடித்தால் இன்னும் ஓநாய். வாரக்கணக்கில் ஒரே மேடு, ஒரே ஓநாய். செத்தால் சேர்த்து வைத்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பங்கு போய்விடும். கூட்டம் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எனக்குக் கிடைத்த மரியாதையும் இதேதான்.

வாளின் பலத்தை ஏற்றும்போது சில சமயம் அது சுக்கு நூறாக உடையும். ராகு காலத்தில் பத்ரி யாரையும் வாள் ஏற்ற விடமாட்டான். "சித்த பொறு, இன்னும் முடியலை" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு பையன் அவசரப்பட்டு ஏற்றி உடைத்துக்கொண்டான். அதிலிருந்து எல்லோருக்கும் பயம். எனக்கும்தான். ஏன் மறைக்க வேண்டும்?

இந்தக் கேமில் பகடை இல்லை. பொருள் தரையில் விழும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எதிரிகூட எடுக்கலாம். கேம் எந்தச் சட்டமும் போடவில்லை. அந்தச் சட்டத்தைப் பத்ரி போட்டான். கோயிலில் சேவித்து முடிந்ததும் தீர்த்தம் கொடுப்பார்கள். யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்று வரிசை உண்டு. அந்த வரிசைக்குள் வளர்ந்தவன் அவன். அதை அப்படியே கேமுக்குள் கொண்டுவந்துவிட்டான். விழுந்த பொருளை யாரும் தொடக்கூடாது. தலைவர் வந்து பார்ப்பார். யாருக்கு என்று சொல்வார். அப்புறம்தான் கை நீளும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காவல் இல்லாமல் தங்கம் கிடக்க, ஒரு கூட்டமே கை கட்டி நிற்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்த வழக்கத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. தீர்த்தத்துக்கு வரிசை உண்டு என்று ஸ்ரீரங்கத்தில் யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தே பிறக்கிறார்கள். நானோ அதுவரைக்கும் ஓநாய் அடித்தவள். அதுதான் எனக்கு முதல் டிராகன்.

டிராயரில் இருந்தது

"திருடிட்டே" என்றான் பத்ரி. அன்றைக்கே சொன்னான்.

"யாரைப் பாத்து? கையில வெச்சிருக்கேன், ஓடியா போயிட்டேன்? எங்க ஊர்ல எடுத்துட்டு உருட்டுவோம். இந்த வாளைத் தூக்கற தகுதி இருக்கற எல்லாரும் உருட்டலாம்."

"இந்தக் கேம்ல உருட்டல் கிடையாது. தலைவர்தான் குடுப்பார்."

"தலைவர் யாருக்குக் குடுப்பாரு?"

சலீம் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "போன மூணு தடவையும் தலைவர் தலைவருக்குத்தான் குடுத்தாரு."

மாடி முழுக்கக் களுக்கென்று ஒரு சிரிப்பு. பத்ரியின் காது சிவந்தது.

"தலைவன் கையில நல்ல வாள் இருந்தா கில்டுக்குத்தான் பெருமை. இது என்ன சூதாட்டமா, உருட்டறதுக்கு?"

"வைகுண்ட ஏகாதசிக்கு விடிய விடிய பரமபதம் ஆடுறீங்கல்ல? அதுல ஏணி யாருக்கு, பாம்பு யாருக்குன்னு தலைவரா சொல்றாரு?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது பகவான் பாத்துக்கற விஷயம்."

"அப்ப இதையும் அவரையே கேப்போம்!"

சலீம் மேஜையில் தட்டினான். "மாட்டுனடா பத்ரி!"

அதுவரை கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த முருகேசன் அண்ணன் டிராயரை இழுத்தார். ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து மேஜை மேல் போட்டார். கரன்ட் போகும் நேரத்தில் வாடிக்கையாளர்கள் வெளியே போய்விடாமல் இருக்க அவர் வைத்திருந்தது. மின்வெட்டில் நாங்கள் எல்லோரும் அதில் தாயம் ஆடியிருக்கிறோம். பத்ரியும்தான்.

"ஏம்ப்பா, இன்னும் கொஞ்ச நேரத்துல கோட்டைச் சண்டைங்கறீங்க. அதுக்குள்ள கரன்ட்டும் போயிரும். உருட்டித் தொலைங்க, மொதல்ல தாயம் போடறவங்களுக்கு வாள்" என்றார்.

பத்ரி சட்டைக் கையை மடக்கினான். "முதல் உருட்டு என்னுது."

அதை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

சிமென்ட் தரையில் உட்கார்ந்தோம். பத்ரி உருட்டினான். ஐந்து. நான் உருட்டினேன். ஆறு. வாள் தூக்கத் தெரிந்த இன்னும் சிலர் உருட்டினார்கள். யாருக்கும் விழவில்லை. வைத்தியனான சலீமும் உட்கார்ந்தான்.

"ஒனக்கு எதுக்குடா வாளு? ஒன்னால தூக்கவே முடியாதே!"

"வாளு வேணாம். கட்டை உருட்டுறதுன்னா நானும் வருவேன்."

அவன் உருட்டிய கட்டை சிஸ்டத்துக்கு அடியில் ஓடிப்போய், அவன் தரையோடு தரையாகப் படுத்து எடுத்து வந்தான். சட்டை முழுக்கத் தூசி.

மறுபடியும் பத்ரி. கண்ணை மூடிக்கொண்டான். கட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்தான். "ரங்கா, ரங்கா" என்று உதடு அசைந்தது. விட்டான். ஒரு கட்டை வெறும் முகம் காட்டி நின்றது. இன்னொன்று சுற்றியது, சுற்றியது, ஒற்றைப் புள்ளியில் படுத்தது.

தாயம்.

நான் போய் உட்கார்ந்து, அவன் வேடத்தின் முன்னால் என் வேடத்தைக் கொண்டுபோய் நிறுத்தி, வாளை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் வாங்கும் பட்டனை அழுத்தாமல் திரும்பிப் பார்த்தான்.

"நிஜமாவே குடுக்கறியா சித்ரா?"

"தாயம் ஒனக்குத்தானே விழுந்துச்சு?"

அவனுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மலைக்கோட்டையா?

கோட்டைச் சண்டை ஆசிய கேமின் திருவிழா. கில்டுகள் மோதும். சிம்மாசன அறையில் கடைசியாக யார் தலைவன் நிற்கிறானோ அவன் கில்டுக்குக் கோட்டை. அதுவரை நாங்கள் கோட்டை வாசலைக்கூடத் தாண்டியதில்லை.

அன்று பத்ரி அந்த நீல வாளோடு முன்னால் ஓடினான். கதவில் ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. கதவு பிளந்தது. "சொர்க்கவாசல் திறந்தாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். மாடியே "ரங்கா ரங்கா" என்று அலறியது. "யா அல்லா, ரங்கா ரங்கா!" என்று சலீமும் சேர்ந்துகொண்டான். முருகேசன் அண்ணன் ஜன்னல் கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டார்.

கரன்ட் போனது.

ஃபேன் நின்றது. யுபிஎஸ் கீங் கீங் என்று அழ ஆரம்பித்தது. அதற்கு ஆயுசு கொஞ்ச நேரம்தான். திரை வெளிச்சத்தில் எல்லோர் முகத்திலும் வியர்வை வழிகிறது. பாய்லர் தேவதை குதிகால் செருப்போடு படிக்கட்டில் சுழன்று சுழன்று வெட்டுகிறாள்.

"போ பத்ரி, நிக்காத, போ! நான் ஊத்துறேன்!" சலீம் உயிர் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"இன்னும் சித்த, இன்னும் சித்த" என்று பத்ரி முனகினான். சிம்மாசனத்தின் மேல் கை வைத்தான்.

எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் அணைந்தது.

பிடித்தோமா, இல்லையா? யாருக்கும் தெரியாது. தடதடவென்று படியிறங்கிப் பஜ்ஜிக் கடை வாசலுக்கு ஓடினோம். கும்பகோணத்தில் எங்கள் கில்டு ஆள் ஒருவன் இருந்தான். அங்கே மின்வெட்டு வேறு நேரம். பத்ரி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"டேய், கோட்டை யாருது?"

மறுமுனையில் ஒரே கூச்சல். அப்புறம் குரல் உடைந்து வந்தது: "நம்மளுதுடா! நம்மளுது!"

பத்ரி நடு ரோட்டில் குதித்தான். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். அவரையும் கட்டிப்பிடித்தான். சலீம் என் தலையில் ஒரு பஜ்ஜியை வைத்துக் கிரீடம் என்றான்.

பஜ்ஜிக்கார அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "என்னப்பா, யாருக்குக் கல்யாணம்?"

"கோட்டையைப் புடிச்சுட்டோம்மா!"

"எதை, மலைக்கோட்டையவா?"

பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது மலைக்கோட்டை தெரிந்தது. அதைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். முடியில் பஜ்ஜி எண்ணெய் வாசனை அடித்திருக்கும்.

சொன்ன வாயால்

போன வாரம் பத்ரிக்குப் போன் செய்தேன்.

"அது ஒரு ஃப்ளோல சொன்னது சித்ரா. உன் பேரைச் சொல்லலையே."

"பாய்லர்னு சொன்னியே! திருச்சியில எத்தனை பாய்லர் பூ வெச்சுக்கிட்டு டிராகன் அடிச்சுச்சு?"

"நீ எடுத்தது உண்மைதானே?"

"எடுத்தது உண்மை. அதுக்கப்புறம்?"

இருமினான். "வீடியோன்னா ஒரு பாயின்ட் வேணும். ஆசிய கேம் மரியாதை, வெஸ்டர்ன் கேம் பறிப்புன்னு சொன்னாத்தான் ஜனங்களுக்குப் புரியும். கீழ கமென்ட்ல வேணா போடறேனே."

அந்தப் பாயின்டே தப்பு. கேம்களுக்குள் வித்தியாசம் உண்டு. மூக்கில் உண்டு, ஓநாயில் உண்டு, சாவில் உண்டு. ஆனால் மரியாதை கேமுக்குள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் இருக்கிறது. நீதான் நாயகன் என்று காதில் ஊதும் கேமை நாங்கள் கைலாசபுரத்தில் பங்காளிகள் மாதிரி பகிர்ந்து ஆடினோம். கூட்டம்தான் பெரிது என்று சொல்லும் கேமில் பத்ரி மூன்று முறை தனக்கே கொடுத்துக்கொண்டான். அன்று அவனுக்கு வாள் கிடைத்தது, கட்டையின் முன்னால் எல்லோரும் ஒன்று என்று நாங்கள் கொண்டுவந்த வழக்கத்தால். அந்த வாளால்தான் கோட்டை. அந்தக் கோட்டையைப் பற்றித் தனி வீடியோவே போட்டிருக்கிறான். அதில் வாள் இருக்கிறது. தாயக்கட்டை இல்லை.

கமென்ட்டில் போடுகிறானாம். கமென்ட்டை யார் படிக்கிறார்கள்? எங்கள் கேன்டீன்காரர் படிப்பாரா?

சலீம் இருக்கிறான், பாலக்கரையில். கேட்டால் சாட்சி சொல்வான். முருகேசன் அண்ணன் இருக்கிறார், கடைதான் இப்போது ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. கட்டை இன்னும் அதே டிராயரில்தான் இருக்கிறதாம். ஆனால் நான் அவர்களைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறேன், பத்ரி.

அன்று தாயம் யாருக்கு விழுந்தது? வாளை உன் கையில் கொடுத்தது யார்? "நிஜமாவே குடுக்கறியா" என்று கேட்டாயா, இல்லையா?

கமென்ட்டில் வேண்டாம், போனில் வேண்டாம். திருடி என்று சொன்ன அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கேமராவைப் பார்த்து, எல்லோரும் கேட்கும்படி பதில் சொல்.